கீழே வைக்காத டெலிபோன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பள நோட்டில் என் பெயர் மட்டும்தான். அதனால் முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருப்பேன்; ஒரே வார்த்தையை இரண்டு தடவை எழுதியிருப்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிற அளவுக்கு மறதி. படிக்கிறவர்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மறக்காமல் இருப்பது ஒரு டெலிபோன். கறுப்பு டெலிபோன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பங்களாவின் முன் அறையில், மூலையில் கிடந்த சின்ன மேசைமேல் அது இருந்தது. அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணியில் பச்சை நூலால் கிளி போட்ட சட்டை. முதன்முதலில் பார்த்தபோது உள்ளே ஏதோ சாமி இருக்கிறது என்றே நினைத்தேன். வீட்டம்மா சட்டையைக் கழற்றிக் காட்டி, "இது மேல ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. தினம் துடைக்கணும். ஆனா எடுத்துப் பேசுன, தோலை உரிச்சிருவேன்" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். பேசுவதற்கு எனக்கு யார் இருந்தார்கள்?

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வீரகேரளம்புதூர். அப்பா இறந்த பிறகு அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் இரண்டு தம்பிகளையும் வைத்துக் காப்பாற்றினாள். ஐந்தாவது முடித்த லீவில், எங்கள் தெருவுக்கு வந்துபோகிற தரகர் ஒருவர், மதுரை முதலாளி வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று கேட்டார். சாரல் மாசங்களில் குடும்பமே குற்றாலத்துக்கு வந்து தங்கும், கூடமாட வேலை செய்தால் போதும், மூன்று வேளையும் சோறு என்றார். அம்மா என்னைக் கூட்டிப்போய் விட்டபோது, "தீவாளிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள். அவளும் அழவில்லை, நானும் அழவில்லை. இரண்டு பேரும் அந்தப் பங்களாவின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தரை எங்கள் ஊர்க் குளம் மாதிரிப் பளபளவென்று இருந்தது.

ஆனி, ஆடி இரண்டு மாசமும் வீடு கல்யாண வீடு போல இருந்தது. எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போவார்கள், வருவார்கள், பசி பசி என்பார்கள். பாத்திரம் விளக்கியே கை தோல் உரிந்தது. ஆனால் வீட்டில் ஆள் சத்தம் இருந்தது. ஆவணியில் சாரல் ஓய்ந்ததும் ஒரே நாளில் எல்லோரும் இரண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். என்னை வீடு துடைக்க விட்டுவிட்டுப் போனார்கள். காவலுக்கு ஒரு வாட்ச்மேன் மாமா. அவருக்குச் செங்கோட்டை. பாதித் தமிழ், பாதி மலையாளம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்; தின்பதற்கு ஏதாவது பொட்டலம் கொண்டுவந்து தருவார். ஆனால் அவருக்கும் வீடு, பிள்ளைகள் என்று இருக்கிறதே. காலையில் கிளம்பும்போது, "மோளே, கேட்டைப் பூட்டிட்டுப் போறேன். வெளிய இறங்காண்டாம். அருவிக்கரையெல்லாம் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போவார். இருட்டுவதற்குள் வந்துவிடுவார். பகல் முழுக்க நானும் அந்த வீடும்தான். மதில் என்னைப் போல இரண்டு ஆள் உயரம். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பங்களாக்களும் பூட்டிக் கிடந்தன. சீசன் இல்லாத குற்றாலம் எப்படி இருக்கும் என்று சீசனுக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரியாது. குரங்குகளும் ஈரமும்தான் இருக்கும்.

காலையில் முதல் வேலை டெலிபோன் துடைப்பது. சட்டையைக் கழற்றி, கைப்பிடியைத் தூக்கி அடியில் துடைத்து, காதில் வைக்கிற பக்கத்தையும் வாயில் வைக்கிற பக்கத்தையும் துடைத்து, திரும்ப வைப்பேன். எடுத்துப் பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள், எடுத்துத் துடைத்தால் என்ன என்று நினைத்தேன். கைப்பிடியைத் தூக்கினாலே தென்காசி டெலிபோன் ஆபீஸில் பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தக் காலத்தில் நம்பரைச் சுழற்றுவதெல்லாம் இங்கே கிடையாது. தூக்கினால் விளக்கு எரியும், அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் கயிற்றைச் சொருகி என்ன நம்பர் என்று கேட்பாள், கேட்ட நம்பருக்கு இணைத்து விடுவாள். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "நம்பர் ப்ளீஸ்" என்றதும் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாளும் துடைக்கத்தானே வேண்டும்? பயந்து பயந்து எடுத்தேன். மறுபடியும் "நம்பர் ப்ளீஸ்." அதற்கு மறுநாளும். ஒரு நாள் அந்தக் குரல் இங்கிலீஷை விட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சுக்கு வந்தது. "யாரு அது? அந்த வீட்டு முதலாளிமாரு மதுரைக்குப் போயி ஒரு மாசம் ஆச்சே. ஆளில்லாத வீட்டுல தினமும் காலைல போன எடுத்து எடுத்து வைக்கியே, நீ என்ன பூதமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனாலும் கேட்டுவிட்டது போல. "பூதம் சிரிக்கிதே" என்றது குரல். பின்னால் இன்னொரு பெண் பிள்ளை, "யாருட்டி அது, லைன்ல உனக்குச் சிரிப்பாணி? மாப்பிள்ளையா?" என்று கேட்பது எனக்கும் கேட்டது. "ஆமா, குத்தாலத்துல பங்களா வச்சிருக்கிற மாப்பிள்ள. உன் சோலியப் பாருட்டி" என்று சொல்லிவிட்டு, என்னிடம் மெதுவாக, "வச்சிரு, மேடம் வாரா" என்றது. நான் வைத்துவிட்டேன்.

அவளைத்தான் நான் டெலிபோன் அக்கா என்று சொல்கிறேன். பெரியவர்களை அவள் இவள் என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் இத்தனை வருஷமாக மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன், மாற்ற வரவில்லை. அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. அவளுக்கும் என் பெயர் தெரியாது, நான் சொல்லவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குரல் ஒன்றுதான். காலையில் கொஞ்சம் கம்மிப்போய் இருக்கும், சளி பிடித்தவர்கள் குரல் மாதிரி. பேசப் பேசச் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு நிமிஷம், சில நாள் அதுவும் இல்லை. நான் எடுப்பேன். "என்ன பூதம், தொடச்சாச்சா?" என்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மூச்சு விடுகிற சத்தம் அங்கே கேட்கும் போல. "சரி சரி, மூச்சு வருது, உசுரோட இருக்க" என்பாள். சில நாள் மற்ற லைன்கள் மேலே மேலே கூப்பிடும்; அப்போது ஒரே ஒரு வார்த்தை, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவர்கள் வேலையில் அப்படிப் பேசக் கூடாது. கண்காணிக்க ஒரு மேடம் பின்னால் நடந்துகொண்டே இருப்பாள். தெரிந்தும் அவள் என்னைத் திட்டி வைக்கச் சொல்லவில்லை. ஆறு மணிக்கு மேல் ஆம்பிளைக் குரல் வரும் என்பதையும் நானாகத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் மாமா வர இருட்டிவிட்டது என்று பயந்து எடுத்தேன். ஆம்பிளைக் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நான் முதலில் பேசியது புரட்டாசியில் என்று நினைக்கிறேன். "அக்கா, நீங்க எங்கன இருக்கிய?" என்று கேட்டேன். "தென்காசில. பெரிய கோயில் மொட்டக் கோபுரம் தெரியும்லா, அதுக்குக் கிட்டத்துல. உனக்கு அங்கன இருந்து கோபுரம் தெரியுதா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியலட்டி. எனக்கு முன்னால செவருதான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு நாள் அவளே கேட்டாள். "உனக்கு யார்ட்டயாவது பேசணுமா? நம்பர் சொல்லு, போட்டுத் தாரேன்."

"எனக்கு நம்பர் இல்ல."

"யார்ட்ட பேசணும்?"

"எங்கம்மாட்ட."

"அம்மா வீட்டுல போன் இருக்கா?"

"வீட்டுல கதவே இல்ல. தட்டிதான் வச்சிருக்கு" என்றேன். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எந்த ஊர், தெரு, அம்மா பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் ஊர் போஸ்டாபீஸில் போன் இருந்தது. அங்கே கூப்பிட்டு, இன்னாரை வரச் சொல்லுங்கள் என்றால், தபால்காரர் போய் ஆளைக் கூட்டிவந்து பேச வைப்பார். அப்படி ஒரு முறை அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் பங்களா லைனிலிருந்து போட்டால் மதுரைக்கு பில் போகும், யார் பேசியது என்று கேள்வி வரும், அடி எனக்குத்தான் விழும் என்று அவளே யோசித்துச் சொன்னாள். "கொஞ்சம் பொறு. தீவாளிக்கு வாரேன்னுதான சொல்லிருக்கா, வந்துருவா" என்றாள்.

தீபாவளி வந்தது. அம்மா வரவில்லை. தரகர் அம்மாவிடம், பிள்ளை முதலாளி குடும்பத்தோடு மதுரைக்குப் போய்விட்டாள், பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு ஜாலியாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தார். அவர் வேண்டுமென்றே சொன்னாரா, அவருக்கே அப்படித்தான் சொன்னார்களா, தெரியாது. அம்மா நம்பினாள். நான் அன்றைக்கு முழுக்க கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியின் துருவெல்லாம் உள்ளங்கையில் ஒட்டியது. தூரத்தில் தென்காசிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது.

தீபாவளி கழிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் மாதிரி இல்லை இது. மலையே கரைந்து வருவது போல விழும். அருவிகளில் செந்தண்ணீர் வந்து, இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கும். நான் பாட்டுப் பாடினால் எனக்கே கேட்காது. ஒரு நாள் காலையில் மாமா வழக்கம்போல் பூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு இருட்டின பிறகும் வரவில்லை. விடிந்தும் வரவில்லை. செங்கோட்டையில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டில் ஒரு பிள்ளை பூட்டிக் கிடக்கிறதே என்று யாரிடமாவது சொன்னாரோ, வலியில் மறந்தாரோ. எனக்கு முதல் நாளே காய்ச்சல் அடிக்க ஆரம்பித்திருந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்து அடுப்பு எரியவில்லை. ஊறப்போட்ட அரிசியைத் தின்றேன், அதுவும் வெளியே வந்துவிட்டது. மாடியில் போய்க் கத்திப் பார்த்தேன். மழையும் அருவியும் சேர்ந்து என் சத்தத்தைத் தின்றுவிட்டன. இந்த வீட்டில் நான் செத்துக் கிடந்தால் அடுத்த சாரலுக்குத்தான் வந்து பார்ப்பார்கள் என்று தோன்றியது. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படியெல்லாம் தோன்றுமா என்பார்கள். தோன்றும்.

விடிந்து வெகுநேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து டெலிபோனை எடுத்தேன். அன்றைக்குக் கையில் துணி இல்லை.

"என்ன பூதம், இன்னிக்கு நேரமாயிட்டு? நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

"கேட்டு பூட்டிருக்கு அக்கா. மாமா வரல. நேத்தும் வரல."

அக்கா "ஐயோ" என்று சொல்லவில்லை. குரல் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். காய்ச்சலா என்று கேட்டாள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, படுக்கிற இடத்தில் ஒழுகுகிறதா, வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். "செவரு ஏறிக் குதிக்கணும்னு நெனைக்கப்பிடாது, கேட்டியா? இப்ப நான் சொல்லுதத செய்யி. போன கீழ வைக்காத. அப்படியே பக்கத்துல போட்டுக்கிட்டு படுத்துக்கோ. நான் இங்கன இருக்கேன். உன் வெளக்கு எனக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கும்."

கீழே வைக்காதே என்று ஏன் சொன்னாள் என்பது, அன்றைக்கு வந்த லைன்மேன் அண்ணாச்சி பிற்பாடு சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. டெலிபோன் ஆபீஸிலிருந்து ஒருத்தர் வீட்டுக்குள் ஆள் அனுப்ப வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான்: அந்த வீட்டு லைன் பழுது என்று பதிய வேண்டும். போனை வைக்காமல் விட்டால் விளக்கு அணையாமல் எரியும். அதைப் பழுது என்றுதான் எழுதுவார்கள். எழுதிவிட்டால் லைன்மேன் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், கேட் பூட்டியிருந்தாலும் எப்படியாவது பார்த்துவிட்டு வர வேண்டும். அக்கா பொய் எழுதினாள் என்று சொல்ல முடியாது. விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது?

நான் வயரை இழுத்துத் தரையில் பாயைப் போட்டு, அந்தக் கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா என்னிடம் பேசிக்கொண்டே இருக்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது. ஆனால் அவள் வேலை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ். வெளியூர் டிரங்க் லைன் கிடைக்கல சார், கொஞ்சம் பொறுங்க. யாரோ ஒருத்தி டீ ஆறிப்போய்விட்டது என்று சொன்னாள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மேடம் என்னவோ கேட்க, அக்கா, "லைன் பழுது மேடம், எழுதிட்டேன்" என்றாள். காய்ச்சலில் எனக்கு அந்த ஆபீஸே வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. நடுநடுவே என் பக்கம் வந்து, "முழிச்சிருக்கியா?" என்பாள். "ம்" என்பேன். அந்த "ம்" கேட்காமல் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு தடவை நான் கண் அயர்ந்துவிட்டேன் போல. "ஏட்டி, ஏட்டி, பிள்ள, ஏட்டி" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விழித்தேன். அவள் குரல் அப்போதுதான் மாறியிருந்தது.

லைன்மேன் அண்ணாச்சி சைக்கிளில் மழையோடு வந்தார். மதில்மேல் சாக்கை மடித்துப் போட்டு, ஏணி வைத்து ஏறி, ஏணியையும் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உள்ளே இறங்கினார். முழுக்க நனைந்த ஒரு பெரிய ஆள் வாசலில் நின்று, "இங்கன பூதம்னு யாரும் இருக்கா? ஒரு அம்மா என்னய அனுப்பிருக்கா" என்றார். சட்டைக்குள் வைத்திருந்த பன்னை எடுத்து, பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். பிறகு கைப்பிடியை எடுத்து, "பிள்ள கெடைச்சிட்டு. காய்ச்ச நெருப்பா அடிக்கி. வேற ஒண்ணும் இல்ல" என்றார். "ஏம்மா, கேக்குதா?" என்று அவர் திரும்பக் கேட்டார்.

அதற்குள் அக்கா எங்கள் ஊர் போஸ்டாபீஸைப் பிடித்து, தபால்காரரை எங்கள் தெருவுக்கு அனுப்பியிருந்தாள். பங்களா கணக்கில் இல்லை, தன் கணக்கில். அம்மா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக டெலிபோனைப் பிடித்தாள். அண்ணாச்சி கைப்பிடியை என் காதில் வைத்தார். அங்கே யாரோ, "அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கத்த வாய்ல வையி" என்று சொல்வது கேட்டது.

"ஏட்டி" என்றாள் அம்மா. "நீயாட்டி?"

"ம்."

"நீ மதுரைலல்லா இருக்கன்னாவ?"

"இல்லம்மா. இங்கனதான் இருக்கேன்."

"சோறு தின்னியா?"

ஊர்ப் போஸ்டாபீஸில் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும். நடுவில் அக்கா இருந்தாள், அவளுக்கு இரண்டும் கேட்டிருக்கும். பிறகு அம்மா, "இரி, வாரேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டு, சுரண்டை வழியாக பஸ் மாறி மாறி, சாயங்காலத்துக்குள் வந்துவிட்டாள். கேட் பூட்டியே இருந்தது. அண்ணாச்சி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, சாக்கு போட்ட இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கையை நீட்டி நின்ற அம்மாவிடம் இறக்கிவிட்டார். அப்போது அவர் கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வந்தது. "போங்க, பஸ்ஸ விட்டுராதிய" என்றார். அம்மா அவரைக் கும்பிட்டாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இருட்டிவிட்டது. அக்கா இருக்கிற ஆபீஸ் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டதே, ஆம்பிளைகள்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மொட்டைக் கோபுரத்தை மட்டும் மழைக்குள் பார்த்தேன்.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகித் தென்காசிக்கே வந்தேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்தில் உதவிக்குச் சேர்ந்தேன். வந்த புதிதில் அக்காவைத் தேடிக்கொண்டு டெலிபோன் ஆபீஸ் வாசலுக்குப் போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பிறகு ஒரு நாள் லைன்மேன் அண்ணாச்சியை வழியில் பார்த்துவிட்டேன். தலை நரைத்திருந்தது. "அடப்பாவி, பூதமா? என்ன வளத்தி வளந்துட்ட" என்று சிரித்தார். அக்காவைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. பங்களாக்காரர்கள் மதுரையிலிருந்து சண்டைக்கு வந்தார்களாம், தங்கள் வீட்டு லைனில் காதை வைத்துக் கேட்டாள் என்று. "மாத்தல் ஆயிப் போயிட்டா. அதனாலதான்னும் சொல்லுதாவ. இல்ல, கல்யாணம் கூடி அவளே கேட்டு வாங்கிட்டுப் போனான்னும் சொல்லுதாவ. நான் கேட்டுக்கிடல. கோயில்பட்டியா, நாகர்கோயிலான்னு சரியா ஞாபகம் இல்ல." இப்போது அங்கே அந்தப் பலகையே இல்லை, எல்லாம் தானாக இணைக்கிற மிஷின் வந்துவிட்டது என்றார்.

அந்த வாரம் மருந்துக் கடைக்குப் போனபோது, அங்கே இருந்த டெலிபோனைக் கடைக்காரரிடம் கேட்டு எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் பேசுவதற்கு இல்லை. எடுத்ததும் கொர்ர் என்று ஒரே சத்தம். வெகுநேரம் காதில் வைத்திருந்தேன். யாரும் நம்பர் கேட்கவில்லை. கடைக்காரர், "நம்பர் போட்டாத்தான் பேசும்க்கா" என்றார். எனக்கு அன்றைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நம்பர் உள்ளவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது, நல்லதுதான். நம்பர் இல்லாத பிள்ளை ஒன்று இந்த ஊரில் எங்கேயாவது இப்போது போனை எடுத்தால் அதற்கும் இந்தக் கொர்ர்தானே கேட்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தது.

அதற்கெல்லாம் பின்னால், பிள்ளைகளுக்கென்றே ஒரு நம்பர் வந்தது. எங்கள் பள்ளிக்கூடச் சுவரிலும் பெயிண்ட் அடித்து எழுதினார்கள். காசு வேண்டாம், எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், வேலைக்கு விட்டுவிட்டார்கள், பயமாக இருக்கிறது, எதுவானாலும் சொல்லலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன வயசுப் பெண் வந்தாள். அவள் அந்த நம்பரில் போன் எடுத்துப் பேசுகிற வேலையில் இருக்கிறவளாம். பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. "நெசமாவே எடுப்பாவளா?" என்று ஒருத்தன் கேட்டான். அவள், எடுத்தால் ஒன்றும் பேசாமல் இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம், சிரித்துவிட்டு வைத்துவிடும், மறுநாள் கூப்பிடும், அப்படிப் பல தடவை கூப்பிட்ட பிறகுதான் ஒரு வார்த்தை வரும் என்றாள். நான் சமையல்கூட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

கூட்டத்தில் கேள்வி கேட்க எனக்கு வராது. அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் கேட்டேன்.

"பேசாமலே இருந்தா என்னம்மா செய்விய? வச்சிருவியளா?"

"வைக்க மாட்டோம் பாட்டி. நான் இருக்கேன், அவசரமில்லைன்னு சொல்லிட்டு இருப்போம்" என்றாள்.

"ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா அப்படி?"

"எங்களுக்கு டிரெய்னிங்ல சொல்வாங்க. ஏன் பாட்டி?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டெலிபோன் அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்ததும் நம்பர் கேட்க வேண்டும், இல்லையென்றால் வைக்க வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவள் இருந்த இடத்தில் முன்னால் சுவர், பின்னால் மேடம். இப்போது எவ்வளவோ பேர் சேர்ந்து செய்கிற வேலையை அவள் ஒற்றையாக, பயந்து பயந்து செய்தாள். அந்தப் பெண் போன பிறகு தலைமையாசிரியை டீச்சரிடம் மட்டும் இதைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, பகல் நேரம் நீளமாகிப்போன பிறகுதான் எழுத உட்கார முடிந்தது. மகள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு, நான் பதில் யோசிப்பதற்குள் சரிம்மா வைக்கட்டுமா என்பாள். அவளுக்கும் வேலை இருக்கிறது. அவளைக் குறை சொல்லவில்லை.

எழுதியதில் பிசகு இருக்கும். அந்த நாளில் குற்றாலத்து லைன்களெல்லாம் தென்காசிப் பலகையில்தான் இருந்தனவா, குற்றாலத்திலேயே தனியாக ஒன்று இருந்ததா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மழை ஐப்பசியிலா கார்த்திகையிலா என்பதும் சந்தேகம்தான். டெலிபோனில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பார்த்துத் திருத்த வேண்டும். முக்கியமாக, அக்கா கோவில்பட்டிக்குப் போனாளா நாகர்கோவிலுக்குப் போனாளா, அவளாகப் போனாளா என்னால் போனாளா என்பதை விசாரித்துச் சொல்ல வேண்டும். இருந்தால் இப்போது எண்பதை நெருங்கியிருப்பாள். அவள் நம்பர் கிடைத்தால் என்னிடம் கொடுங்கள். யாரையும் பேசச் சொல்ல மாட்டேன், நானே பேசுவேன். இப்போதெல்லாம் பேசாமல் இருந்தால் தப்பான நம்பர் என்று வைத்துவிடுவார்கள். அதனால் அவள் எடுத்த உடனே சொல்லிவிட வேண்டும். பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தாள் என்பதை லைன்மேன் அண்ணாச்சி அவளிடம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரிய வழியில்லை. அடுத்த சாரலுக்குத் தரகர் மறுபடி வந்தார், அக்கா. அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே, என்னைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, எம்பிள்ள எங்கயும் வரமாட்டா என்று சொல்லிவிட்டாள். பிறகு ஒரு நாளும் அனுப்பவில்லை.